பூசணிக்காயோடு போன பங்குதாரர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் நாமக்கல்லில் லாரிப் பட்டறைப் பக்கம் போனால், நசுங்கின எலுமிச்சம்பழமும் உடைத்த பூசணிக்காயும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். இந்த வருசம் அந்த வாசத்தில் நின்றபடியே என் மருமகள் கைபேசியைத் தட்டி, "ரெண்டு ஷேர் வாங்கிட்டனுங்க அத்தை" என்றாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஏனென்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பங்கு என்றால் லாரிப் பங்குதான். நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி எடுப்பார்கள். பூஜையன்று நாலு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு சக்கரத்துக்குப் பொட்டு வைப்போம். என் கையெழுத்துதான் கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொட்டு வைத்தால் வட்டம் பிசகாது.

அப்படி இருக்கையில், பல வருசத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் சேலம் பக்கத்து நூல் மில் ஒன்றில் என் பேருக்குப் பங்கு வாங்கினார். அந்தப் பங்குக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டுச் சாமி படத்தோடு மாட்டினேன். அதோடு விட்டேனா? பூஜை வந்ததும் பட்டுச்சேலை கட்டி, சந்தனமும் பூசணிக்காயுமாக, அண்ணி என்பதை எங்கள் பக்க வழக்கப்படி 'நங்கை' என்று கூப்பிடும் நாத்தனார் பொன்னம்மாளையும் இழுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி, "எம் மிசினைக் காட்டறேன் வா" என்று பேச்சு வேறு.

வாசலில் காவல்காரர், "யாரைப் பாக்கோணுங்க?" என்றார்.

"நான் மொதலாளிங்க. எங்க மிசினு எதுன்னு காட்டுங்க, பொட்டு வெச்சுட்டுப் போயிடறோம்."

கணக்கர் ஒருவர் வந்தார். சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, உங்களாட்டம் எத்தனையோ பேரு போட்ட பணத்துலதான் மில்லே வந்துச்சு. இதுதான் உங்களுதுன்னு ஒண்ணைத் தொட்டுக் காட்ட முடியாதுங்க. லாபம் வந்தா உங்க பங்குக்கு உண்டானது வரும். வேண்டாம்னா, லாரியாட்டம் கூட்டாளியைக் கேக்க வேண்டியதில்ல. மொகந்தெரியாத ஒருத்தருக்குச் சந்தையில வித்துப்போடலாம். அந்தத் தைரியத்துலதான் எல்லாரும் போடறாங்க."

பூஜைக்கு வந்திருந்த மில்லுப் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பொன்னம்மாள் முன்னால் வந்தாள். "தப்பா நெனைக்காதீங்க. நாந்தான் தெரியாம நங்கையை இழுத்தாந்துட்டனுங்க."

திரும்பும் பஸ்ஸில் பூசணிக்காய் அவள் மடியில் இருந்தது. "கூட்டு வெச்சா ஆளுக்கொரு பங்கு வருமுங்க நங்கை" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே பங்கை விற்கச் சொன்னேன். வாங்கினவர் யாரோ, வெட்கமும் அவரோடு போய்விடும் என்று நினைத்தேன்.

மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கண்ணாடி போட்டு மாட்டக் காகிதமும் இல்லை, எல்லாம் கைபேசிக்குள். பொன்னம்மாளும் போய்விட்டாள். கடைசிவரை அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. நான் அன்றைக்குப் பஸ்ஸில் அவள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம்.