துணியக்காவும் ராஜா அங்கியும்

மூக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த உடையையும் ஹேங்கரில் மாட்டமாட்டார் துணியக்கா. கழுத்துப்பட்டையில் ஒரு மோப்பம், கக்கத்தில் ஒரு மோப்பம். "இது துவைக்கணும். இது வெயில்ல கிடந்தா போதும்." நாடக அரங்கின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத உடையறையில், ராஜா முதல் திருடன் வரை எல்லாருடைய வியர்வையும் அவருக்கு அத்துப்படி.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துணியின் வெட்டை மாற்றாத அளவை எடுக்கவே மாட்டார். தொளதொளவென்று அங்கி போடப்போகிற நடிகர் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு நின்றால், "அளந்து என்ன பண்ணப்போறேன்? நாடா தேயறதுதான் மிச்சம்" என்று அனுப்பிவிடுவார்.

மேல்குழாய் கசிந்து உடையறைச் சுவரில் பூஞ்சை படர்ந்த பிறகு அவருக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். விளக்குக்காரர் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தார்: சிறுநீரைச் சோதித்தால் பூஞ்சை விஷம் தெரியும், தெரிந்ததும் ஒரு பொடியால் அதைக் கழுவிவிடலாம். துணியக்கா அந்த நிறுவனத்துக்கே போன் போட்டார். விஷம் இருந்தால் என்ன செய்வீர்கள்? பொடி தருவோம். இல்லாவிட்டால்? முன்னெச்சரிக்கையாகப் பொடி தருவோம். "அப்ப பொடியை நேரா வித்துட வேண்டியதுதானே, நடுவுல என் மூத்திரம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்.

நுரையீரல் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னபோதும் அதே கேள்விதான்: தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். ஸ்கேனில் தழும்பு தெரிந்தால் உடனே மருந்து வேண்டும். வெறும் வீக்கம் என்றால், முதலில் அந்த அறையை விட்டுச் சில வாரம் விலகிப் பார்க்கலாம். அதிலும் குறையாவிட்டால் ஸ்டீராய்டு மாத்திரை. துணியக்காவுக்குச் சர்க்கரை உண்டு; மாத்திரை அதை ஏற்றிவிடும். வெட்டு மாறுகிறது என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தார், ஊதச் சொன்ன குழாயில் ஊதினார். வெறும் வீக்கம்தான். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்.

வாரங்கள் போயின. இருமல் இம்மியும் குறையவில்லை. மருத்துவர் வேறு வழியின்றி மாத்திரை எழுதினார். அதை வாங்கக் கிளம்பும்போது துணைக்கு வந்த தங்கை, அக்காவின் கைப்பையை எடுக்கப் படுக்கையறைக்குள் நுழைந்தவள், அடுக்கடுக்காய்த் தும்மினாள். கதவுக்குப் பின்னால் ராஜாவின் வெல்வெட் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் துணியக்கா தன் கையால் தைத்த முதல் உடை. விளிம்பு பிரிந்துவிட்டது, வேறு யார் தைத்தாலும் கெடுத்துவிடுவார்கள் என்று விடுப்பில் வரும்போது உடையறையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தார்.

"ஏன்க்கா, லீவு உனக்கு மட்டும்தானா? ராஜா உன் வீட்டுலயே டியூட்டி பார்க்கறாரே."

துணியக்கா சிரிக்கவில்லை. அங்கியைப் பின்கட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மருத்துவரை அழைத்தார். தப்பை மூடி மறைக்கிற ஆள் இல்லை அவர். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

"டாக்டர், நான் அந்த ரூமை விட்டு வரலை. பாதி ரூமை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டேன். மாத்திரைக்கு முன்னாடி இன்னொரு தடவை முதல்லேருந்து பார்ப்போமா?"

மூச்சு கூடுதலாக முட்டினால் அந்த நிமிஷமே வரவேண்டும் என்ற நிபந்தனையோடு மருத்துவர் ஒத்துக்கொண்டார். இந்த முறை இருமல் மெல்ல மெல்லக் கழன்றது. ஊதும் சோதனையிலும் நல்ல முன்னேற்றம்.

அரங்கத்துக்குத் திரும்பியவர் அடித்தளத்தில் கால் வைக்கவில்லை. சுவரை உடைத்துச் சரிசெய்யும்வரை சன்னல் வைத்த மாடியறைதான் என்று மேலாளரிடம் கறாராகச் சொல்லி வாங்கிக்கொண்டார். ராஜா அங்கியைக் குப்பையில் போடப்போகிறார் என்று தெரிந்ததும், எப்படியாவது காப்பாற்றலாமே என்று நடிகர்கள் கெஞ்சினார்கள். சென்ட் அடிக்கலாம், வெயிலில் போடலாம் என்றார்கள். "நாத்தம் போயிடும். பஞ்சுக்குள்ள இருக்கிறது போகுமா?" என்றார்.

முகக்கவசம் மாட்டி, கையுறை போட்டு, வீட்டுப் பின்கட்டில் கிடந்த அங்கியைத் தாமே மடித்து நெகிழிப் பைக்குள் வைத்தார். வாயை இறுக்கி முடிச்சுப் போட்டார். குப்பை வண்டிக்காரரிடம் நீட்டப்போனவர், ஒரு கணம் நிறுத்தி, பைக்கு மேலாகவே அங்கியின் தோள்பட்டைச் சுருக்கத்தை நீவிவிட்டார்.