அக்காவின் மெஸ்ஸும் பின்கட்டு டேங்கும்

எங்கள் அக்கா அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர். திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தார். ஓட்டலில் சமையல் வேலை பார்த்த அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட, கிழக்கேகோட்டை அருகே ஒரு சந்தில் சிறிய மெஸ் தொடங்கினார். மகனை ஆளாக்கியது அந்த அடுப்புதான்.

சோறு வீணாவது அக்காவுக்குப் பொறுக்காது. குப்பை எடுக்க ஆள் வராமற்போன காலத்தில் பின்கட்டில் பயோகேஸ் டேங்க் வைத்தார். மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் அதற்குள் காற்றுப் புகாமல் மக்கி, வாயுவாகி அடுப்புக்கு வரும். கழிநீர் வாழைக்குப் போகும். "சாப்பாடு போடுற வீட்டுல இன்னொரு வயிறு, அவ்வளவுதாண்டா" என்பார்.

அந்த வயிற்றை உபசரித்தே கெடுத்தவரும் அவர்தான். ஓர் ஆடிப்பெருக்கன்று, பிழிந்த எலுமிச்சைத் தோல், மிஞ்சிய புளியோதரை எல்லாவற்றையும் "அதுக்கும் இன்னைக்கு விசேஷம்தானே" என்று கொட்டிவிட்டார். புளிப்புத் தாளாமல் டேங்க் படுத்துவிட்டது. வாயு நின்று நாற்றம் கிளம்பியது. அடுத்த வீட்டு மலையாளத்துச் சேச்சி புகார் கொடுத்தார். நாற்றம் தொடர்ந்தால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான் என்று மாநகராட்சி அதிகாரி சொல்லிப் போனார். அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

கழிவை எங்காவது கொட்டிவிட்டுக் கடையை நடத்தச் சொன்னார்கள் உறவினர்கள். அக்காவோ கடையைத் தாமே மூடினார். சாணம் கரைத்து ஊற்றி, சுண்ணாம்பு நீர் விட்டு, டேங்கைப் பட்டினி போட்டார். பிறகு சேச்சி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சேச்சி, மூக்கு உங்களோடது. நீங்க சரின்னு சொன்னாத்தான் கடை திறப்பேன்."

சேச்சி திகைத்துப்போனார். ஆனாலும் காலைதோறும் வந்து முகர்ந்து பார்த்தார். ஒருநாள், "இப்ப குழப்பமில்ல, திறந்தோ" என்று சம்மதம் தந்தார். அன்று முதல் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

சர்க்கரை நோய் முற்றிக் காலை எடுத்த பிறகும் அக்கா நாற்காலியில் அமர்ந்து மெஸ்ஸை நடத்தினார். அவர் மறைந்து ஓராண்டாகிறது.

அவருக்குப் பின் மெஸ்ஸை மூடிவிடுவது, டேங்கைப் பெயர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். பதினாறாம் நாள் சமையலுக்கு சிலிண்டர் வரத் தாமதமானது. அக்காவின் மருமகள் பழக்கத்தில் டேங்க் குழாயைத் திருகிப் பற்றவைத்தாள். அடுப்பு நீலமாய் எரிந்தது. கடை பூட்டிக் கிடந்த நாட்களில் டேங்குக்குத் தீனி ஏது என்று விழித்தோம்.

"எங்க வீட்டு வேஸ்ட் டெய்லி இதுல இட்டேன் கேட்டோ" என்றார் சமையலுக்கு உதவ வந்திருந்த சேச்சி. "அவங்க போயாச்சுன்னு இதுக்குப் பசிக்காதிருக்குமா?"

பதினாறு நாளும் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்கள், ரத்தம் தந்தவர்கள், இறுதிவரை தோள் கொடுத்தவர்கள் அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. சேச்சிக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை, சொன்னால் திட்டுவார். மருமகள் மெஸ்ஸைத் திறந்துவிட்டாள்.