உரச்சாக்கு போர்த்திய கல்

எங்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்தபடி, உரச்சாக்கு போர்த்திய ஒரு கல் பல வருடம் நின்றது. வருகிறவர்கள் அதை உடைந்த அம்மி என்றோ வாசற்படிக்கு வாங்கி மீந்த கல் என்றோ நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை காஸ் கொண்டுவந்த ஆள் சிலிண்டரை அதன்மேல் சாய்க்கப் போனபோது அண்ணி உள்ளேயிருந்து ஓடிவந்து, "அதுமேல வேணாங்க, அது நம்ம வீட்டு ஆளுங்க" என்றார். அந்த ஆள் திருதிருவென்று விழித்திருப்பான். நான் பார்க்கவில்லை, முன்னறை மேசையில் இருந்தபடி காதில் வாங்கிக்கொண்டதோடு சரி. அன்றைக்கு எதையோ முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு என்றைக்குமே எதையாவது முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அது என் அண்ணனின் கல்லறைக் கல். அண்ணன் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை பெக்டரியில் வேலை பார்த்தவர், குடியிருந்ததும் தோட்டத்து லய வீட்டில்தான். அப்பா போனபிறகு படிப்பை விட்டுவிட்டு என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெக்டரி வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத அண்ணியை நானும் என் மனைவியும் ஹாலிஎலைக்கு அழைத்து வந்தோம். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர் கடைசிவரை எங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் தாதி வேலை, நேரங்கெட்ட நேரத்தில் போய் வருவாள். எனக்குப் பள்ளிக்கூடமும் எழுத்தும். வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அது அண்ணியால் எரிந்தது.

எங்கள் சபையில், ஆள் இறந்து ஒரு வருடம் திரும்பும்போது நினைவு ஆராதனை நடத்தி, பெயர் வெட்டிய கல்லைக் கல்லறையில் வைப்பது வழக்கம். பெயருக்குக் கீழே இரண்டு வரி இருக்கும். பெக்டரி ஆட்கள் தாங்களாகவே சேர்ந்து ஒரு கல்லை வாங்கி, பதுளைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறியில் போட்டு எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார்கள். மாஸ்டர் எழுதிக் கொடுத்தால் ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல் வெட்டுகிறவர் எங்கள் ரோட்டின் கீழேயே இருக்கிறார், கைத்தொழில்காரர் எல்லாரையும் போல அவரும் எங்களுக்கு பாஸ். சிங்களவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கல்லின்மேல் வெண்கட்டியால் எழுதிக் கொடுத்தால் ஒரு சுழி பிசகாமல் வெட்டித் தருவார். ஆக, நான் குனிந்து இரண்டு வரி எழுத வேண்டியது மட்டுமே பாக்கி. வாத்தியாரான என் சட்டைப் பையில் வெண்கட்டி இல்லாத நாளே கிடையாது.

கிறிஸ்தவ எழுத்தாளன் என்றால் மலைமேல் உட்கார்ந்து தியானித்து எழுதுகிறவன் என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து அடுத்த ஆண்டுக்கான தினத்தியானம் எழுதுவேன். அச்சுக்கு முன்கூட்டியே போக வேண்டும் என்பதால் எனக்குக் காலம் எப்போதும் முன்னால் ஓடும். ஆடி மாதக் காற்றில் பாலன் பிறப்பு, கிறிஸ்மஸ் கேக்கைக் கடித்துக்கொண்டே சிலுவைப்பாடு. பிறகு பள்ளிக்கூடம். போகிற பஸ்ஸில் சபை மாத இதழின் பிழைதிருத்தம், வருகிற பஸ்ஸில் ஞாயிறு பள்ளி நாடகத்துக்கு வசனம். வீட்டு வாசலில் யாராவது நிற்பார்கள். கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, மாதர் சங்க விழாவுக்கு வரவேற்புரை, செத்தவருக்கு நினைவு அட்டை. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டே ரெண்டு வரிதானே மாஸ்டர்." அண்ணி அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து உட்கார வைப்பார். நானும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஊவா மாகாணத்துப் பாதி மயானங்களில் என் வரிகள் வெயில் காய்கின்றன. என் அண்ணனின் கல் மட்டும் சாக்குக்குள் இருந்தது.

முதலாண்டு நினைவு ஆராதனை கல் இல்லாமலே நடந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காலம், போதகருக்கு ஆண்டு மலர் அவசரம் என்று ஏதோ சொன்னேன். அதன் பிறகு ஒரு நாள்தான் ஒரு பஸ் டிக்கெட் விஷயம் நடந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை மறித்துக்கொண்டார். தகப்பனார் இறந்துவிட்டார், நினைவு அட்டை மறுநாளே அச்சாக வேண்டும் என்றார். ஹாலிஎல பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கொண்டக்டர் கத்துகிறான். டிக்கெட்டைப் பிரட்டி, அந்த மனிதரின் முதுகிலேயே வைத்து, "வேலை முடிந்தது. வீடு சேர்ந்தார்." என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினேன். ஹாலிஎலையைத் தாண்டி பஸ் தெமோதரைப் பக்கம் போகிறதா, வெலிமடைப் பக்கம் போகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில், அவர் யாரிடமோ விலாசம் கேட்டு அனுப்பி, அந்த அட்டை ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. அண்ணி எழுத்துக் கூட்டி, உதடு அசைய வாசிப்பார். அடுப்படி வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்து இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். அவர் மேசைப் பக்கம் வருவது அபூர்வம். "தம்பி, இதையே நம்ம கல்லுல போட்டா என்னங்க? ஒங்க அண்ணன் சாயங்காலம் லயத்து வாசல்ல வந்து நின்னு, வேல முடிஞ்சிச்சு புள்ளன்னு சொல்ற மாதிரியே இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஏறுகிற அவசரத்தில் ஊர் பேர் தெரியாதவருக்கு எழுதியதை என் அண்ணனுக்கா? "அது சும்மா கிறுக்குனது அண்ணி. அண்ணனுக்கு நான் நல்லா எழுதணும்" என்றேன். "சரிங்க தம்பி" என்று அட்டையைக் கொண்டுபோய் உப்பு ஜாடிக்குப் பின்னால் சொருகி வைத்தார். அதன்பின் ஒருநாளும் அந்தப் பேச்சை அவராக எடுக்கவில்லை.

நேரமில்லை என்று இத்தனை காலம் சொல்லிவந்தேன். நேரமில்லாமல் இல்லை. அண்ணனுக்கென்று உட்காரும்போதெல்லாம் எனக்கு அண்ணன் ஞாபகம் வரவில்லை. ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு மயானத்துக்கு வருகிற கூட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்து வாசித்துப் பார்த்து, "தம்பியாச்சே, சும்மாவா?" என்று அவர்கள் சொல்ல வேண்டும். எதுகை மோனையோடு நாலடி எழுதுவேன், கிழிப்பேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தியானத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். தியானத்தில் தாழ்மையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமைகளில் அண்ணி சாக்கை நீக்கி, ஈரத்துணியால் கல்லைத் துடைப்பார். எங்கள் பக்கத்து மழைக்குப் பாசி சீக்கிரம் ஏறும். முகத்தைத் துடைப்பது மாதிரிதான் துடைப்பார், மேலிருந்து கீழாக, மெதுவாக. பிறகு சாக்கை உதறிப் போர்த்திவிட்டு, வாசலில் லீக்ஸ் கட்டு கொண்டுவரும் வெலிமடைக்காரியோடு பேரம் பேசப் போய்விடுவார். துணி அலசும் சத்தம் மேசைவரை கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் நான் இன்னும் வேகமாக எழுதுவேன்.

ஒரு காலை குடும்ப ஜெபத்தில் வாசிப்பதற்கு நான் எழுதிய தியானமே வந்தது. முந்தின ஆண்டு எழுதியது, எனக்கே மறந்துபோயிருந்தது. நன்மை செய்வதை நாளைக்குத் தள்ளாதே, நாளை உன் கையில் இல்லை என்று நன்றாகவே எழுதியிருந்தேன். வாசிக்கும் முறை அண்ணியுடையது. எழுத்துக் கூட்டி, ஒரு சொல்லும் விடாமல் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. யாருக்கு எழுதுனீங்க?" என்று கேட்டார் அண்ணி. உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. குத்திக் காட்டுகிற சிரிப்பாக இருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன். அவர் கேலியாகத்தான் கேட்டார், உடனே எழுந்து ரொட்டி தட்டப் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் கல்லறைகளைத் துப்புரவாக்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அண்ணியும் ஒவ்வொரு வருடமும் வாளியும் கூட்டத் தும்புக்கட்டையும் எடுத்துக்கொண்டு பண்டாரவளை போய், பஸ் மாறிப் பூனாகலைக்குப் போவார். கூட வருகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வேன். அந்த நேரத்தில்தான் ஈஸ்டர் நாடகத்துக்குக் கடைசி வசனம் திருத்த வேண்டியிருக்கும். ஒரு வருடம் நனைந்து, காலெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வந்தார். அங்கே ஆட்கள் கல் எங்கே என்று கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்று என் மனைவி கேட்டாள். "தம்பி எழுதிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன்" என்றார் அண்ணி. அதில் ஒரு பொடி வைத்த பேச்சும் இல்லை. நான் உண்மையாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

போன வருடம் அவருக்கு நுரையீரலில் தண்ணீர் கட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மாலையில் நான் போய் உட்காருவேன், கையில் பிழைதிருத்தத் தாள்கள் இருக்கும். போதகர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்; ஆனால் தாள் விஷயத்தில் விடமாட்டார். "மாஸ்டர், அச்சகத்தில பாத்துக்கொண்டு நிக்கினம்" என்று நாளுக்கொரு தடவை கூப்பிடுவார். அன்றும் கட்டில் ஓரத்தில் தாளை விரித்து வைத்து ஒற்று திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணி கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கும் சேத்து ஒரே கல்லா போட்டுருங்க. ஒங்களுக்கும் ஒரு வேல மிச்சம்" என்றார்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி" என்றேன். பேனா கையில்தான் இருந்தது. அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதி, இதோ என்று வாசித்துக் காட்டியிருக்கலாம். உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கும் வரியையே போடுகிறேன் அண்ணி என்று சொல்லியிருந்தாலும் போதும், அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்து அடுத்த ஒற்றைத் தேடினேன். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

பூனாகலையில் அண்ணன் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். அதன்பிறகாவது எழுதினேனா என்றால் இல்லை. இரங்கல் தெரிவிக்க வந்தவர்களில் ஒருவரே தன் மாமனாருக்கு இரண்டு வரி கேட்டார், எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமைகள் வந்தன, போயின. சாக்கை நீக்க ஆளில்லை. நானும் பின்பக்கம் போவதைத் தவிர்த்தேன். தேத்தண்ணிக்குக்கூட மனைவியைக் கூப்பிட்டுப் பழகிக்கொண்டேன்.

அண்ணியின் வருடம் திரும்புவதற்கு முன் என் மனைவியே கீழே போய் பாஸைக் கூட்டி வந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. பாஸ் சாக்கை இழுத்துப் போட்டார். கல்லின் முகம் முழுக்கப் பச்சையாகப் பாசி ஏறியிருந்தது. அவர் சுரண்ட உளியை எடுத்தார். நான் வேண்டாம் என்று தடுத்து, அண்ணியின் துணியைத் தேடியெடுத்து நனைத்து நானே துடைத்தேன். நேரம் பிடித்தது. பாஸ் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, முழங்காலில் நின்று, இரண்டு பெயரையும் எழுதினேன். அதன் கீழே, ஒருவருக்காக அண்ணி கேட்ட வரியை இருவருக்கும் ஆக்கி எழுதினேன். வேலை முடிந்தது. வீடு சேர்ந்தார்கள்.

"இவ்வளவுதானா மாஸ்டர்?" என்று பாஸ் கேட்டார். இத்தனை வருடம் அந்தக் கல் காத்திருப்பது ரோடு முழுக்கத் தெரியும், அவர் ஒரு பக்க அளவுக்காவது எழுத்து வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார். இவ்வளவுதான் என்றேன். மனைவி அவருக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறக்கூட இல்லை.

கல் வைத்த அன்று மயானத்தில் நல்ல கூட்டம். நான் ஆசைப்பட்டபடியே குனிந்து வாசித்தார்கள். கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வரியைத் தடவிப் பார்த்தார். ஜெபம் முடிந்ததும் போதகர் என் தோளில் கை வைத்து, "நல்லா வந்திருக்கு மாஸ்டர். இதுக்கு எவ்வளவு காலம் யோசிச்சனீங்கள்?" என்று கேட்டார். நான் குனிந்து, கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைத்தேன். அவர் என் துக்கத்தை மதித்து மேலே கேட்காமல் போய்விட்டார்.

இப்போது இதை எழுதுவதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. வாசலில் ஒருவர் நிற்கிறார், இரண்டு வரி வேண்டுமாம். அடுப்படிக்குப் பின்னால் கல் நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. உரச்சாக்கை மனைவி மடித்து அங்கேயே வைத்திருக்கிறாள், எறிய மனமில்லை. அண்ணி இருந்திருந்தால், இதைத்தானே தம்பி நான் அன்றைக்கே கேட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார். கல்லை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.