கத்திரிக்குக் கிடைத்த படகு

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முடி வெட்டுகிறவர், அதனால் கத்திரி. படகுத்துறைக்குப் போகும் வழியில் அவருக்கு ஒற்றை அறைக் கடை. ஒரு சுழல் நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. கரையேறுகிறவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள். வீட்டில் வாயைத் திறக்காதவர்கள்கூடக் கழுத்தில் துணியைக் கட்டியதும் கடலையே அளந்து விடுவார்கள். அத்தான் "ம்" என்பார். ஊரில் நீச்சல் தெரியாத ஆண் அவர் ஒருவர்தான். தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைத் தாண்டி அவருக்குத் தண்ணீரோடு சம்பந்தம் கிடையாது.

அன்று காலை கடல் உள்ளே போனது. தரையில் மீன் துள்ளுகிறது என்று சத்தம் கேட்டு ஊரே கூடையோடு ஓடியது. சும்மா கிடைக்கிற மீனுக்கு யார்தான் ஓடமாட்டார்கள்? அக்காவும் ஓடினாள். பாதி முகம் மழித்திருந்த ஒருவர் கழுத்துத் துணியோடு எழுந்து ஓடினார். அவர் வந்ததும் மீதியை மழிக்கலாம் என்று அத்தான் நுரையைக் கலக்கிக்கொண்டு நின்றார். வந்தது அலை. அது அத்தானைக் கொண்டுபோய் ஐஸ் ஃபேக்டரிக் கூரையில் வைத்துவிட்டுக் கடையை எடுத்துக்கொண்டு போனது. அக்கா கிடைக்கவேயில்லை. காய்ச்சல் என்று அவள் மகளை நான் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் மிச்சம்.

அதற்கப்புறம் அத்தான் கடல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. துறைப் பக்கம் போகவேண்டி வந்தால் வேலியைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

உதவி செய்ய வந்தவர்கள் படகு போனவர்களுக்குப் படகு கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் படகே இல்லாதவர்களுக்கும் கொடுத்தார்கள். அத்தான் நாற்காலி கேட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "இது இல்லீங்க, சுத்துற நாற்காலி" என்றார். இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியும், கூடவே ஒரு படகும் வந்தன. கரையில் ஆளைவிடப் படகு அதிகமாகிவிட்டது.

பிறகு மேட்டில் வீடு கட்டினார்கள். கடல் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் தகரக் கொட்டகையில் இருந்தோம். தகரச் சூட்டில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அந்த வீடு எங்களுக்கு வேண்டும்.

வழி சொன்னது சுக்கான். பழைய படகோட்டி, அதனால் அந்தப் பெயர். வீட்டில் எல்லோரையும் பறிகொடுத்தவர், நக்கலை மட்டும் பறிகொடுக்கவில்லை.

"படகு இருக்குல்ல மாப்ளே? அப்புறம் என்ன, நீயும் கடல் தொழில்தான்."

"கடல்ல காலே வெக்க மாட்டேன் நான்."

"கடல்ல யாரு வெக்கச் சொன்னா? படகுல வெய்யி."

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். காற்றைப் பற்றிக் கேட்டார், வலையைப் பற்றிக் கேட்டார். அத்தான் தடுமாறவேயில்லை. இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் விட்ட கதையெல்லாம் வரிசையாக வந்தது.

"பிடிச்சதுல பெரிய மீன் எவ்வளவு இருக்கும்?"

அத்தான் இரண்டு கையையும் விரித்தார். கொஞ்சம் யோசித்து இன்னும் விரித்தார். சுக்கான் பிடித்ததாகச் சொல்லித் திரிந்த மீன் அது. சுக்கான்கூட அவ்வளவு விரித்ததில்லை. சுற்றி நின்ற ஆண்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று வலையில் வேலை வந்துவிட்டது.

"சரி, ஒரு சுத்து போவோம். நானும் வரேன்" என்றார் அதிகாரி.

நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகுகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பிள்ளையின் கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். எஞ்சினைப் பிடிக்கச் சுக்கானும் ஏறினார், கூலியாள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அலைகளைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் நின்றது. படகு அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் திரும்பியது. அதிகாரி முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அத்தான் சட்டையெல்லாம் வாந்தி.

"ஆளுக்கொரு பக்கம் எடுத்தாங்க. அதனால படகு சாயாம வந்துச்சு" என்றார் சுக்கான்.

அதிகாரி மணலில் உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்குமா வாந்தி வரும்?" என்று கேட்டார்.

"தினமும் வரும் சார்."

"இவ்வளவு கஷ்டத்துலயா தொழில் பண்றீங்க?" என்று பேனாவை எடுத்தார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பும்போது அத்தான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான்தான் கேட்டேன்.

"எஞ்சின் எதுக்கு அத்தான் நின்னுச்சு?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். உங்கக்காவக் கூப்பிட்டுப் பாத்தேன்."

"ஆபீசர் ஒண்ணும் கேக்கலையா?"

"அவரு வாந்தியில இருந்தாரு. காதுல விழல."

அத்தான் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"வீடு கெடச்சிருச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டேன்" என்றார். "கையெழுத்து என்னவோ அப்புறந்தான் போட்டாரு."