டிஷ்யூ பொட்டலத்துக்கு ஒரு நாற்காலி

சிங்கப்பூர் தேக்காவில் ஓர் இலவசத் தமிழ் நாடகம். தாயை யார் வைத்துக்கொள்வது என்று மேடையில் இரண்டு மகன்கள் அடித்துக்கொண்டார்கள். இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்ற எனக்கு முன்னால், மடிப்புக் கலையாத பாத்தேக் சட்டையில் ஒரு கருணைக் கடல் உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியில், உணவங்காடியில் இடம் பிடிப்பதுபோல், டிஷ்யூ பொட்டலம் வைத்திருந்தார்.

“பெத்தவளுக்கு ஒரு ரூம் இல்லையா? மனுஷனா லா இவன்?” என்று மூத்த மகனைத் திட்டினார்.

கைத்தடியோடு வந்த ஓர் அம்மா, “தம்பி, இங்க உட்காரலாமா?” என்றார்.

“ஆள் வருது ஆன்ட்டி.” கண் மேடையிலேயே இருந்தது.

கடைசிவரை ஆள் வரவில்லை. மேடையில் தாய் பையோடு வெளியேறியதும் அவர் தேம்பிவிட்டார். ஒரு டிஷ்யூவை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தை மறக்காமல் அதே நாற்காலியில் வைத்தார். மூத்த மகனாக நடித்தவருக்குக்கூட அந்த வேடம் அவ்வளவு இயல்பாக வரவில்லை.