பாஸேஜ் பக்கத்து ஜன்னல்

சமையலறையிலிருந்து பாஸேஜைப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டுமா, வேண்டாமா? கட்டடக்கலை படித்து முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. வருகிற திங்கட்கிழமை பி விங்கில் செங்கல் வேலை தொடங்குகிறது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

1. படிவங்கள்

புனேவில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாளே கசார்வாடி ஃபைல் என் மேசைக்கு வந்தது. பழைய ஹைவேக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் தொழிலாளிகள் குடியிருந்த தகர வீட்டு வரிசையை இடித்துவிட்டு, அதே குடும்பங்களுக்கு அங்கேயே ஏழு மாடியில் வீடு கட்டித்தரும் திட்டம். ஏ விங், பி விங் என்று இரண்டு கட்டடம்.

இடிப்பதற்கு முன் சர்வேக்குப் போனேன். சந்தில் பெண்கள் வாசலுக்கு வாசல் உட்கார்ந்து, ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த ரப்பர் வாஷர்களின் பிசிறை பிளேடால் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் நடுவில் ஓடின. எந்தக் குழந்தை யாருடையது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

வீட்டுக்கு ஒரு படிவம். 'குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்பது ஆறாவது கேள்வி. எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில். "வேலை செஞ்சுகிட்டே பாத்துக்கறதுதான். மாடிக்குப் போனா புள்ள கண்ணுல படணுமே, அதான் பயம்." எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. என் பதிலும் அதுதானே.

2. சார் சொன்னது

அதனால்தான் அந்த ஜன்னலை வரைந்தேன். காற்றுக்காகக் கட்டடத்துக்குள் விடும் டக்ட் பக்கத்து ஜன்னல் விதிப்படி இருந்தே ஆக வேண்டும். இது கூடுதல். ஒரு பக்கம் வெளி பார்த்துத் திறந்திருக்கும் அகலமான பாஸேஜ். சமையல் மேடைக்கு நேர் மேலே, அதைப் பார்த்தபடி நாலடிக்கு மூன்றடி ஜன்னல். மேடையை இங்கே ஓட்டா என்பார்கள். ஓட்டா முன்னால் நிற்பவர் தலையைத் தூக்கினால் குழந்தை தெரியும்.

எங்கள் அலுவலகத்தை நடத்தும் சார் பிளானைப் பார்த்தார். முப்பது வருடம் இந்த ஊரில் கட்டடம் கட்டியவர். இந்தியும் ஆங்கிலமுமாக அவர் சொன்னதன் சாரம் இது:

"அரே, இது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆறு மாசத்துல மூடிடுவாங்க. எழுதி வெச்சுக்கோ."

"குழந்தை தெரியும் சார். சர்வேயில அவங்களே கேட்டது."

"கேட்டது யாரு?"

"அந்த லேடீஸ்தான்."

"உனக்கு வேணும்னு வரையறியா, அவங்களுக்கு வேணும்னு வரையறியா?"

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. என் மகள் டேகேரில் இருந்தாள். அங்குள்ள கேமராவை ஃபோன் ஆப்பில் பார்க்கலாம். பகலில் எத்தனை முறை பார்க்கிறேன் என்று எண்ண எனக்கே பயம். பார்க்காத ஒரு நிமிடத்தில் விழுந்துவிடுவாளோ என்றுதான் தோன்றும். அப்படி ஒரு ஜன்னல் ஒவ்வொரு தாய்க்கும் இருந்தால் நல்லதுதானே என்று வாதாடினேன். சார் கையெழுத்துப் போட்டார்.

3. ஒட்டிய பேப்பர்

ஏ விங்கில் குடியேறிய நான்காம் மாதம் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஜன்னல்களில் உள்பக்கம் நியூஸ்பேப்பர்.

மூன்றாம் மாடியில் செல்வி வீடு. விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். மாமியார் குடும்பம் முப்பது வருடமாகப் புனேவில் இருக்கிறது. மகள் ரித்திகாவுக்கு மூன்று வயது.

"ஏன் செல்வி ஒட்டிட்டீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் குனிஞ்சா நிமிந்தா பாஸேஜுக்கே தெரியுது. மத்தியானம் பத்து நிமிஷம் ஓட்டால சாஞ்சு நின்னா, 'என்னா செல்வி, வேலை முடிஞ்சுதா?'ன்னு ஒரு குரலு. முட்டை ஒடைச்சா எத்தினி முட்டைன்னு பக்கத்து வூட்டுக்குத் தெரியுது."

"சர்வேயில எல்லாரும் ஜன்னல் வேணும்னு சொன்ன மாதிரிதானே..."

"அது எங்க அத்தை சொன்னது. நீங்க வந்தப்ப நான் டீ எடுத்தாந்தேன். மறந்துட்டீங்க."

வீட்டுக்கு வந்து படிவங்களை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் பெரியவர்தான் பேச வேண்டும். அது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். எல்லாப் படிவத்திலும் மாமியார் பெயர்தான் இருந்தது. டீ கொண்டுவந்தவர்கள் யாரிடமும் நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

4. கேட்

பி விங்கில் அளவு குறிக்கப் போன ஒரு காலை. ஏ விங்கில் சத்தம். ரித்திகா படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ஒர்க்‌ஷாப் டெம்போக்கள் திரும்பும் ரோடு வரைக்கும் போய்விட்டாள். பேப்பர் ஒட்டாத ஜன்னல்களில் ஒன்று பக்கத்து வீட்டு ஜோதியுடையது. குழந்தை படியிறங்குவதை அங்கிருந்து பார்த்து அவர் கத்தியிருக்கிறார். வாட்ச்மேன் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார்.

நான் மேலே ஏறியபோது செல்வியின் மாமியார் பாஸேஜில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஜன்னலு என்னாத்துக்கு வெச்சாங்கோ? புள்ளைய பாக்கத்தானே? இவ பேப்பர ஒட்டினு உள்ள ஃபோனு பேசினு இருக்கா, மகாராணி! அந்த ஜோதி மட்டும் பாக்கலன்னா இன்னிக்கி என் பேத்தி எங்க? மேடம், நீங்களே சொல்லுங்க. நீங்க வெச்ச ஜன்னலுதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பினேன்.

திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த செல்வியின் கணவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கதவுக்கும் நாலடி தூரம். குழந்தை அவரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு படிக்கட்டில் செல்வி என்னைப் பிடித்தாள். இந்த முறை மேடம் இல்லை.

"அக்கா, சந்துல இருந்தப்போ புள்ள எங்கன்னா 'இங்கதான் எங்கனா இருக்கும்'பாங்க. எல்லாரும்தான் பாத்தோம். இப்ப ஜன்னலு வந்துச்சு. பாக்கலன்னா அது என் தப்பு."

"அப்ப பி விங்ல வேண்டாமா?"

"ஜோதிக்கா ஜன்னலு இல்லன்னா ரித்திகா இல்லியேக்கா. வேணாம்னு எப்டி சொல்றது?" ரித்திகாவின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "ஹால்ல வெச்சா ஆவாதா? அங்க உக்காந்துகினு இருக்கறவரு பாக்கட்டும்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வழக்கம்போல ஃபோனில் கேமராவைத் திறந்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் ஃபோனில் அந்த ஆப் கிடையாது. போட்டுக்கொள்ளச் சொல்லி நான் இதுவரை கேட்டதும் கிடையாது.

இப்போது என் மேசையில் இரண்டு டிராயிங் இருக்கிறது. ஒன்றில் ஜன்னல் ஓட்டாவுக்கு மேலே, உள்பக்கம் சாத்திக்கொள்ள ஒரு மரக்கதவோடு. மற்றொன்றில் ஹாலில். ஹாலில் பாஸேஜை ஒட்டியிருப்பது ஒரே சுவர். எல்லா வீட்டிலும் அதில்தான் டிவி மாட்டுவார்கள். அங்கே ஜன்னல் வைத்தால் அவர் பார்ப்பாரா? அல்லது அடுப்பை விட்டுவிட்டு செல்வி ஹாலுக்கும் ஓட்டாவுக்கும் ஓட வேண்டியிருக்குமா? ஒரு சுவரை மாற்றி வரைந்தால் ஒரு வீட்டின் பழக்கம் மாறும் என்று கல்லூரியில் நம்பினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாரிடம் கேட்டால், "நீ சொல்லு, நான் சைன் பண்றேன்" என்கிறார். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பதிலைப் படிப்பதற்கு முன் அதை யார் சொன்னது என்று பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களும், அனுபவம் உள்ளவர்களும், தொழிலே தெரியாதவர்களும் எனக்கு எழுதுங்கள். அந்த ஜன்னலை எங்கே வைக்கட்டும்? ஒரு வேண்டுகோள். நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் டீ கொண்டுவந்து வைப்பது யாரோ, அவரிடம் கேட்டு எழுதுங்கள்.