மஞ்சள் சட்டைக்காரனின் படகு

செஞ்சிக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறேன். நாளை கல்லறைத் திருநாள், எங்கும் வெள்ளையடிக்கிறார்கள். கடலில் விசைப்படகுப் பந்தயம் ஓட்டிய என் நண்பன் ஆரோக்கியத்தின் கல்லறையைக் காணோம். மஞ்சள் பட்டுச் சட்டையும் வாயில் சுருட்டுமாக அலைமேல் பறந்தவன். முப்பது வருடங்களுக்கு முன், பந்தயத்தில் இறந்த அவன் உடலையும் உடைந்த படகையும் ஒரே லாரியில் இந்தச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு இன்றுதான் வருகிறேன்.

அங்கே சுண்ணாம்பு கரைக்கும் ஒரு அம்மாவிடம் விசாரிக்கிறேன்.

“போட்டு ஓட்டுனவரா? பாக்க ஒருத்தரும் வர்லன்னு அந்தக் குழியில வேற ஆள அடக்கம் பண்ணிட்டாங்க சார். இன்னா பண்றது, எடம் இல்ல.”

அவர் சுண்ணாம்பு கரைப்பது அந்தப் படகின் உடைந்த முன்பாதியில்தான். அதன் விளிம்பில் மெழுகுவத்தியை ஏற்றி வைக்கிறேன்.

“அத எடுத்துடுங்க சார், கைய சுட்டுடும்.”

எடுத்துக்கொள்கிறேன். வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.